கைராசி அக்கா

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைகளை இணையத்தில் விற்கும் கடை அது. பிரிண்டரைச் சரிசெய்யப் போயிருந்தேன். அங்கிருந்த லினக்ஸ் கணினியில் தினமும் காலையில் நெட்டைக் கையால்தான் இணைக்க வேண்டும். அதைச் செய்பவர் கடையைப் பெருக்க வரும் அக்கா. ஒல்லியான உடம்பு, முகத்துக்குப் பெரிதான மூக்குத்தி. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, வலது கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் மவுஸைத் தொடுவார். முதலாளி உட்பட எல்லாரும் அதுவரை காத்திருப்பார்கள்.

"அக்கா கைராசிபா. அவங்க போட்டாத்தான் போணி ஆவுது" என்றார் முதலாளி.

நான் சிரித்துவிட்டேன். யாரும் கேட்காமலே செட்டிங்ஸைத் திறந்து, கணினியைப் போட்டதும் நெட் தானாக இணையும்படி ஒரு டிக் அடித்தேன்.

அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். "இனிமே நான் அமுக்க வேணாமா தம்பி?"

"வேணாங்க்கா. அதுவே வந்துடும். உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்."

"இத நான் வேலைன்னு செய்யலியேபா" என்றார்.

மறுநாள் காலை பிரிண்டருக்கு மை கொண்டுபோனேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் முதலாளி திரையைப் பார்த்துச் சொன்னார்: "போணி ஆயிடுச்சிபா. தானாவே ஆர்டர் வந்துக்கினு இருக்குது."

அக்கா தன் வலது கையை ஒருமுறை பார்த்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு மட்டும் அந்தக் கடையில் ஒரு சேலைகூட விற்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.