புலி வராத நாளின் ஆட்டம்

புலி கண்ணில் பட்டுவிட்டால் அகனியாவுக்கு அன்றைக்குப் பாதி வேலைதான். காலையில் ஜீப்பில் போன விருந்தாளிகள் புலியைப் பார்த்துவிட்டு வந்தால், சாயங்காலம் விடுதி முற்றத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். படத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். அந்தக் காட்டுப் பழங்குடிகளான பைகா ஜனங்கள் மயிலிறகு செருகிக்கொண்டு எதிரே ஆடுவதை யார் பார்த்தார்கள்? நாலு பாட்டு, ஒரு கும்பிடு, ஆளுக்கொரு தட்டுச் சோறு, வீட்டுக்குப் போய்விடலாம்.

புலி வராத நாள்தான் பெரும்பாடு. பணத்தைக் கொட்டி, விமானம் ஏறி, விடியற்காலைக் குளிரில் பல் கிட்டித்துப் போய், நாலு புள்ளிமானையும் ஒரு மயிலையும் மட்டும் பார்த்துவிட்டு வந்தவன் யார் மேலாவது எரிந்து விழத்தானே வேண்டும்? விடுதி மேலாளர் பார்கவ் மேல் விழுவான். பார்கவ் அகனியா மேல் விழுவார். எங்கேயோ புதரில் படுத்துத் தூங்குகிற மிருகத்துக்காக இவள் தொண்டை கிழியப் பாடவேண்டும். என்ன நியாயமோ!

ஆட்டக்காரர்களுக்கு அவள்தான் தலைவி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஏன் இருக்கக் கூடாது? மலைக்குப் பின்னால் இருக்கும் கோஹ்காடோலாவில் பிறந்தவள். குமரியாக இருந்த காலத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத இளவட்டம் அந்தப் பக்கத்தில் கிடையாது. அறுவடை முடிந்ததும் ஓர் ஊர்ப் பையன்கள் மத்தளத்தோடு இன்னோர் ஊருக்கு ஆடப் போவார்கள். அந்த ஊர்ப் பெண்கள் எதிர்கொண்டு அழைத்துக் கைகோத்து ஆடுவார்கள், கேலிப்பாட்டால் அவர்களை உரித்தெடுப்பார்கள். ஒரே ஊர்ப் பையனும் பெண்ணும் மட்டும் கைகோத்து ஆடக்கூடாது. அவர்கள் அண்ணன் தங்கை, அக்கா தம்பி. யார் யாருக்கு வாழ்க்கைப்படுவது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஆட்டத்திலேயே முடிவாகிவிடும்.

ஜாமுன்பானிப் பையன்கள் வந்த வருஷம் அகனியா ஒருவனைப் பார்த்து, "தலைப்பாகை பெருசா இருக்கே, உள்ள தலை இருக்குதா பாரு" என்று பாடினாள். அவன் சளைக்காமல், "தலை இருந்தா உன் ஊருக்கு ஏன்டி வர்றேன்" என்று திருப்பிப் பாடினான். பங்குனியில் அவனுக்கே வாழ்க்கைப்பட்டு ஜாமுன்பானிக்கு வந்தாள். அப்போது அந்த ஊர் காட்டுக்குள் இருந்தது. பிறகு புலிக்கு இடம் வேண்டும் என்று சொல்லி ஊரையே பெயர்த்துச் சாலையோரம் கொண்டுவந்து வைத்தார்கள். வந்த இடத்தில் அவள் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது ஒரே மகள், சம்லி. சாலைக்கு எதிர்ப்பக்கம் விடுதி முளைத்ததும், பாட்டு ஒன்றுதானே கையில் இருக்கிறது என்று அகனியா அங்கே போய் நின்றாள்.

முதல் இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பெண்கள் ஒரு வரிசையாக ஆடுவார்கள். ஆண்கள் தள்ளி நின்று மத்தளம் அடிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் சம்லியின் கல்யாணத்தைப் பற்றித்தான் பேச்சு. அதைப் பற்றிக் கவலைப்படவும் ஒன்றுமில்லை. அகனியாவின் அண்ணன் மகன் பிசாஹு இருந்தான், சொந்த மாமன் மகன். போன அறுவடைக்குக் கோஹ்காடோலாப் பையன்களோடு ஆட வந்தவன், சம்லியின் கையை விட்டு நகரவே இல்லை. சந்தையில் பார்க்கும்போதெல்லாம் அவன் அம்மா ஜுகரி, "சம்பந்தியம்மா, ஒரு வெத்தலை குடுங்க" என்று வேண்டுமென்றே சத்தமாகக் கூப்பிட்டுச் சிரிப்பாள். இன்னும் ஓர் அறுவடை, இன்னும் ஓர் ஆட்டம், முடிந்தது.

அந்த வருஷக் கோடையில்தான் டில்லியிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வந்து இறங்கியது. காலையும் மாலையும் காட்டுக்குள் போனார்கள். புலி வாலைக்கூடக் காட்டவில்லை. பார்கவ் வேர்த்து விறுவிறுத்து அகனியாவைத் தேடி வந்தார்.

"அகனியா, இன்னிக்கும் வரல. பணத்தைத் திருப்பிக் குடுங்கறாங்க."

"நான் என்ன சாப் பண்றது? நான் வளர்த்த புலியா, கூப்பிட்டா வர?"

"வெளையாடாத. ஏதாவது சூடா காட்டு. பொம்பளைங்க ஒரு பக்கம், ஆம்பளைங்க ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. ஜோடி ஜோடியா இடுப்புல கை போட்டு ஆடுங்க. காட்டு ஜனங்க காதல் நடனம்னு நான் சொல்லிக்கிறேன்."

"அய்யோ சாப், எல்லாம் ஒரே ஊருப் பசங்க. அக்கா தம்பிங்க."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"எங்களுக்குத் தெரியுமே! எங்க அண்ணன் ஊர்லேருந்து பசங்கள வரச் சொல்லுங்க. முறைப்படி ஆடுறோம்."

"மலையைச் சுத்தி வண்டி அனுப்ப எவன் டீசல் போடுவான்? இதோ பாரு, முடியலன்னா முடியலன்னு சொல்லு. டவுன்ல காலேஜ் பசங்க இருக்காங்க. உங்கள மாதிரியே மூஞ்சில பச்சை வரைஞ்சு, உங்களவிட நல்லாவே ஆடுவாங்க."

அந்தக் கடைசிப் பேச்சு அவளைச் சுருக்கென்று தைத்தது. இவள் நெற்றியில் ஊசியால் குத்திய பச்சையை எவளோ ஒருத்தி மையால் வரைந்துகொண்டு, இவள் பாட்டைப் பாடுவதா? அகனியா ஒரு கணக்குப் போட்டாள். ஊர்ப் பொட்டலில் சாமி பார்க்க ஆடினால்தான் ஆட்டம். இங்கே ஆடுவது வேலை, களை பறிக்கிற மாதிரி. களை பறிக்கும்போது தம்பி மேல் கை பட்டால் குற்றமா? பார்க்கிறவர்களும் யாரோ. நாளைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படித்தான் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள், பைத்தியக்காரி.

அதோடு நிறுத்தினாளா? சம்லிக்கு ஜோடியாகத் தன் கொழுந்தன் மகன் சாருவைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

சாரு நெளிந்தான். "பெரியம்மா, எனக்குக் கூச்சமா இருக்கு."

சம்லி முகத்தைச் சுளித்தாள். "அம்மா, இவன் என் தம்பிம்மா."

"தம்பிங்கறதாலதான்டி நிறுத்துறேன். வேற எவன் பக்கத்துல நின்னாலும் நாளைக்கு ஊரு ஒரு மாதிரி பேசும். இவன் நின்னா எவ பேசுவா?"

மகளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், இருக்கிறதிலேயே கெட்ட காரியத்தைச் செய்தாள் அந்தத் தாய். அன்று கைதட்டல் காட்டை எழுப்பியது. படம் படமாக எடுத்துத் தள்ளினார்கள். மறுநாள் முதல் அதுவே வழக்கமாயிற்று.

மழைக்காலத்தில் காட்டை மூடி, மறுபடி திறந்தபோது, சந்தைக்குப் போகும் சாலைமுனையில் ஒரு விளம்பரப் பலகை நின்றது. ஒரு பக்கம் புலி, மறுபக்கம் சம்லி. அவள் இடுப்பில் சாருவின் கை, அவன் தோளில் அவள் தலை. விடுதி ஜீப்பு டிரைவரிடம் அகனியா, "என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று கேட்டாள்.

"புலியையும் பாருங்க, காட்டுக் காதலர்களையும் பாருங்கன்னு போட்டிருக்கு" என்று சொல்லி அவன் ஈயென்று இளித்தான்.

அப்போதாவது உறைத்ததா? இல்லை! மரத்தின் உயரத்துக்கு மகள் நிற்பதைப் பார்த்து அகனியாவுக்குப் பூரிப்புத்தான் வந்தது. சந்தைக்குப் போகிற பெண்களை நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். சம்லி மட்டும் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டு வயல் சுற்றிப் போக ஆரம்பித்தாள்.

வரகு அறுவடை முடிந்தது. கோஹ்காடோலாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். இலுப்பைப் பூச் சாராயம் இறக்கி, பெரிய பானைகளில் கூழ் காய்ச்சி வைத்தாள் அகனியா. பொழுது சாயும் நேரத்தில் பெண்கள் குளித்து, காசுமாலை போட்டு, பொட்டலில் வந்து நின்றார்கள். சம்லி முன்வரிசையில் நின்றாள். மலைச் சரிவில் மத்தளச் சத்தம் கேட்டது. பெண்கள் கூவினார்கள். சத்தம் இறங்கி இறங்கி ஓடைவரைக்கும் வந்தது. கோத்த கையோடு எல்லாரும் காத்து நின்றார்கள். ஓடையைத் தாண்டிய சத்தம் இந்தப் பக்கம் வராமல், இடது பக்கம் திரும்பி அடுத்த ஊரைப் பார்க்கப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அங்கேயிருந்து பெண்களின் வரவேற்புப் பாட்டு காற்றில் வந்தது. சம்லி காசுமாலையைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அடுத்த சந்தையில் அகனியா ஜுகரியைத் தேடிப் பிடித்தாள். ஜுகரி மூங்கில் கூடைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன அண்ணி, பசங்களுக்கு வழி மறந்துபோச்சா?"

"வழி நல்லாத் தெரியும். வழியிலதானே உன் பொண்ணு நிக்கிறா, ஊருக்கே தெரியற மாதிரி."

"அண்ணி, அது வேலை. வெளியூர்க்காரங்களுக்குக் காட்டுறது."

"வெளியூர்க்காரன் பார்த்தா தம்பி புருஷன் ஆயிடுவானா? எங்க பசங்க வந்து யாரோட ஆடணும்ங்கற? அதான் உங்க ஊர்லயே ஜோடி சேர்ந்தாச்சே."

பக்கத்துக் கடைக்காரிகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். அகனியாவுக்கு முகம் செத்துப்போயிற்று. குரலைத் தாழ்த்தினாள். "தப்புதான் அண்ணி. பஞ்சாயத்துக் கூட்டு. தண்டம் கட்டுறேன். ரெண்டு ஊருக்கும் பொங்கிப் போடுறேன். உங்க வீடு நான் பிறந்த வீடு. என் அண்ணன் என் பொண்ணைத் தள்ளிடுவானா?"

"ஒரு நாள் தப்புன்னா ஒரு நாள் பந்தி. நீ தெனமும் ஆடுறியே, தெனமும் பந்தி போடுவியா?"

"பிசாஹு என்ன சொல்றான்?"

ஜுகரி அப்போதுதான் நிமிர்ந்தாள். கோபம் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது. "அந்தப் பலகை கீழ நின்னு பார்த்துட்டு வந்தான். ரெண்டு நாள் சோறு எறங்கல. இப்ப சாப்பிடுறான். பங்குனியில கல்யாணம். பக்கத்து ஊருப் பொண்ணு." பிறகு ஒரு கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, "வெயில் ஏறுது, போ அகனியா" என்றாள். சம்பந்தியம்மா என்று கூப்பிட்ட வாய்!

அகனியா நேராக விடுதிக்குப் போனாள். பலகையை எடுக்கச் சொல்லி பார்கவின் முன் நின்று கத்தினாள், பிறகு கும்பிட்டாள். விடுதியை நடத்தும் டில்லிக் கம்பெனி வைத்ததை நான் எப்படி எடுப்பது என்று அவர் கையை விரித்தார். அதோடு விட்டாரா? "உன் பொண்ணு இப்ப எவ்ளோ பெரிய ஆள் தெரியுமா? வர்றவங்க எல்லாம் அந்த ஜோடிக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்குறாங்க. எனக்கு ஒரு யோசனை. கல்யாணத்தையே காட்டினா என்ன? மஞ்சள், கம்பம், அதைச் சுத்தி ஏழு சுத்து. புலி வரலன்னாகூட ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான்."

"உங்க வீட்டுல அக்காளுக்கும் தம்பிக்கும் கல்யாணம் பண்ணி வெச்சு அதைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டாள்.

"நாளையிலேருந்து போக வேண்டாம். விட்டுத் தள்ளு. கூழோ கஞ்சியோ குடிச்சுக்கலாம்."

சம்லி முறத்தில் வரகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "போகலன்னா?"

"போகலன்னா… ஒரு வருஷம், ரெண்டு வருஷம் போனா மறந்துடுவாங்க."

"பிசாஹுவுக்குப் பங்குனியில. ஊரெல்லாம் தெரியும். நீ சொல்லுவன்னு பார்த்தேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அகனியாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளவாவது வழி இருந்திருக்கும். "அடுத்த ஊரு வராது. அதுக்கடுத்த ஊரும் வராது. பலகை எல்லாருக்கும்தான் தெரியுது. வீட்டுல உக்காந்து யாரு மறப்பாங்கன்னு நான் காத்திருக்கிறது?"

மறுநாள் சாயங்காலம் அவளே ஆட்டத்துணிப் பையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து போனாள். போகாதே என்று சொல்ல எந்த முகத்தோடு போய் நிற்பது? அகனியா பின்னாலேயே போனாள்.

அன்றைக்கு வந்த கூட்டம் வெறும் கையோடு திரும்பிய கூட்டம். பார்கவ் சொன்ன அந்தக் கல்யாணக் காட்சிக்காக முற்றத்தில் மூங்கில் கம்பம் நட்டு மாவிலை கட்டியிருந்தார்கள். சாருவுக்குப் புதுத் தலைப்பாகை. அவன் தரையைப் பார்த்தபடியே நின்றான். விருந்தாளிகள் நாற்காலியை நெருப்புக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சம்லி யாருடைய உதவியும் இல்லாமல் தானே மஞ்சளை எடுத்துக் கன்னத்திலும் கையிலும் பூசிக்கொண்டாள், கம்பத்தடியில் போய் உட்கார்ந்தாள். பெண்ணைப் பெற்றவள் பாட்டெடுத்தால்தான் சுற்ற முடியும். மத்தளக்காரன் தொடங்கினான். அகனியா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மத்தளக்காரன் மறுபடி முதலிலிருந்து அடித்தான். மறுபடியும் வரவில்லை. ஓரத்தில் நின்ற பார்கவ், சீக்கிரம், சீக்கிரம் என்று கையைச் சுழற்றினார்.

சம்லி தலையை நிமிர்த்தாமல், அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்கு நீ பாடப்போற கல்யாணப் பாட்டு இது ஒண்ணுதான்மா. விடாம முழுசாப் பாடு."

அகனியா பாடினாள்.