ரெண்டு டிஸ்க் போதும்னு சொன்னது நான்தான்

தன்ராஜ் போயிட்டான்.

காலைல பழைய தெரு செல்வி அக்கா போன் பண்ணி ஒரே அழுகை. தூக்கத்துலயே போயிடுச்சாம் உயிர்... மர்பி டவுன்ல அவன் வீட்டு வாசல்ல செருப்பு விடக்கூட இடம் இல்லையாம்.

அதைக் கேட்டதும் எனக்கு முதல்ல அழுகை வரல. நான் செத்தா இவ்ளோ பேர் வருவாங்களான்னுதான் தோணுச்சு. ச்சீன்னு இருக்கு... ஆனா அதான் தோணுச்சு.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தன்ராஜ் எங்க தெருவுக்கு கேபிள் டிவி லைன் இழுத்தவன். நான் ஆரணில இருந்து ஐ.டி. வேலைக்கு வந்து அதே தெருவுல வாடகைக்கு இருந்தவன். ரெண்டாயிரத்து மூணு, நாலு சமயம்.

பதினோரு வீடு ஒண்ணா சேர்ந்து, ஒரு பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டு, தெருவுக்குன்னு ஒரு சர்வர் செஞ்சோம். எல்லார் வீட்டு போட்டோ, லெட்டர், பசங்க ப்ராஜெக்ட் எல்லாம் அதுல. செல்வி அக்கா வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழதான் அது உக்காந்திருந்துச்சு.

பிளான் போட்டது நான். பதினாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ், படமெல்லாம் போட்டு. தெரு சங்கத்து ரூம்ல அதை விளக்கறேன்... பாதிப் பேர் கொட்டாவி விடறாங்க.

அப்புறம் தன்ராஜ் எழுந்தான். கைல ஒரு நோட்டுல கிழிச்ச பேப்பர். வீடு வீடா போய், உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு எழுதிட்டு வந்திருக்கான். நாயுடு தாத்தாவுக்கு மஸ்கட்ல இருக்கற பொண்ணு அனுப்பற குழந்தை போட்டோ பெருசா தெரியணும். செல்வி அக்காவுக்கு வீட்டுக்காரர் திறக்க முடியாத ஒரு ஃபோல்டர் வேணும்.

எதுக்குன்னு அவன் கேக்கல. நானா இருந்தா கேட்டிருப்பேன், அக்கா எங்கிட்ட சொல்லியே இருக்க மாட்டாங்க.

ரூம்ல எல்லாரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க, அவன் கிட்ட. படிச்சது நான், ராத்திரி பகலா எழுதினது நான்... பத்தாவது ஃபெயிலான ஒருத்தன் ஒரு துண்டுப் பேப்பரை வெச்சு எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிட்டான். வயிறு எரிஞ்சுது.

கடைசியா ஒண்ணு கேட்டான். "குரு, வீட்டுச் சாவியே ஒண்ணு பக்கத்து வீட்ல குடுத்து வெக்கிறோம். இதுல ஒரு காப்பி வேற வீட்ல இருந்தா நல்லதில்லையா?"

சர்வர்ல ரெண்டு டிஸ்க் இருக்கு, ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் விழும், ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும், அதுவே போதும்னேன். அதோட விட்டிருக்கலாம். "நீ கேபிள் இழுக்கறதோட நிறுத்திக்கோ"ன்னும் சொன்னேன், அத்தனை பேர் முன்னாடி.

சரி குருன்னு சிரிச்சுட்டு உக்காந்துட்டான்.

ஒன்றரை வருஷம் நல்லா ஓடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் தேவையில்லாத ஃபைல் எல்லாம் அழிக்கறேன்னு உக்காந்தேன். எந்த ஃபோல்டர்ல இருக்கேன்னு பார்க்காம கமாண்டை அடிச்சுட்டேன்.

பதினோரு வீடும் காலி. இதுல அழிஞ்சது அதுலயும் அழிஞ்சுது. ரெண்டு டிஸ்க்கும் அது வேலையை கரெக்டா செஞ்சுது.

தன்ராஜுக்குத்தான் போன் பண்ணேன். வந்தான், பார்த்தான், நேரா வீட்டுக்குப் போயிட்டான். திரும்பி வரும்போது கைல ஒரு பிஸ்கட் டின். உள்ள சிடி... சர்வர்ல இருந்ததை மாசத்துக்கு ஒண்ணா காப்பி எடுத்து, மேல தேதி எழுதி.

அப்பாடான்னு இருந்திருக்கணும் எனக்கு. போயும் போயும் இவன் கைலயா மாட்டணும்னுதான் இருந்துச்சு. அழிஞ்சது அழிஞ்சதாவே இருந்திருந்தா தேவலைன்னு கூட ஒரு நிமிஷம் நினைச்சேன். நாயுடு தாத்தா பேத்தி போட்டோவையும் சேர்த்துத்தான்.

கடைசி மூணு வாரத்துப் படம் மட்டும் வரல. அதுக்கு சங்கத்துல பஞ்சாயத்து. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தன்ராஜ் எழுந்துட்டான். ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுன்னான். காப்பி எடுத்து வெக்கணும்னு சார் பிளான்லயே எழுதியிருந்தாரு, நான் எடுத்தேன், அவ்ளோதான்னான்.

பிளான் இங்கிலீஷ்ல இருந்துச்சே... யாரு படிச்சாங்க?

அந்த வருஷம் சங்கத்து விழாவுல எனக்கு சால்வை போத்தினாங்க. கீழ நின்னு கை தட்டினான்.

இறங்கி வந்து, ஏன்டா அப்படிச் சொன்னேன்னு சண்டைக்கே போனேன். "உன்னைத் தொரத்திட்டாங்கன்னா சர்வரை யாரு பார்த்துப்பா குரு? எனக்கு ஒயர்தான் தெரியும்"னான்.

அதுக்கும் கோவம்தான் வந்துச்சு எனக்கு. நன்றின்னு ஒரு வார்த்தை கடைசி வரைக்கும் சொல்லல.

நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கறாங்க. அதுக்கு முன்னாடி நான் ரெண்டு வார்த்தை பேசணுமாம். எங்க போட்டோவெல்லாம் காப்பாத்தினவர் நீங்கதானே, நீங்க பேசினாத்தான் சரியா இருக்கும்னு செல்வி அக்காவே சொல்றாங்க.

தெருக்காரங்க முக்கால்வாசிப் பேர் இந்த குரூப்ல இருக்கீங்க. அதனால இப்பவே சொல்லிடறேன். ஹார்ட் டிஸ்க் ஒண்ணும் போகல. அழிச்சது நான். காப்பி எடுக்கறதைப் பத்தி என் பிளான்ல ஒரு வரி கூட கிடையாது. தன்ராஜ் கேட்டான், நான் வேணாம்னேன்.

இதைப் படிச்சுட்டும் பேசுன்னு சொன்னா பேசறேன். இல்லன்னா ஓரமா நின்னுட்டுப் போறேன்.

பொறாமை இன்னும் போகல தன்ராஜ்... போயிட்டு வா.