அக்கா கேட்ட பத்து நிமிடம்

அந்தக் கையேட்டின் அட்டையில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. நகப்பூச்சுப் பூசிய கையில் ஒரு கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். உள்ளே முழுக்க ஆங்கிலம், கடைசியில் கொஞ்சம் அரபு. என் அக்கா அதை எட்டு மாதங்களில் மூன்று முறை, "பத்து நிமிஷம் இதப் பாத்துச் சொல்லு தம்பி" என்று என் கையில் கொடுத்தாள். மூன்று முறையும், "ஞாயிற்றுக்கிழமை பாப்போம் அக்கா" என்று சொல்லி அலுமாரியின் மேல் வைத்தேன். நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருந்தேன். எங்கள் தெருவில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வாசலில் நின்றபடியே வாசித்துப் பொருள் சொல்லி அனுப்புவேன்.

நாங்கள் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அக்கா வீட்டு வேலைக்காக வளைகுடா நாடொன்றுக்குப் போனாள். அங்கே ஒரே வீட்டில் பதினான்கு வருடம் இருந்தாள். நான் படித்தது, வேலைக்குப் போனது, கட்டுகஸ்தோட்டையில் வீடு கட்டியது எல்லாமே அவள் அங்கே இருந்ததால் நடந்தவை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஒருவழியாக அவள் திரும்பி வந்தபோது, அந்த வீட்டுக்காரர்கள் புது மெஷின் வாங்கிவிட்டுக் கழித்த பழைய டிஷ்வோஷரை அதன் கையேட்டோடு கேட்டு வாங்கிக் கப்பலில் அனுப்பியிருந்தாள். மற்றவர்கள் டீவியும் தங்கமும் கொண்டுவருவார்கள். அக்கா பாத்திரம் கழுவும் மெஷினோடு வந்தது தெருவில் பல நாள் பேச்சாக இருந்தது. "அங்க நோன்புக் காலத்துல ஒரு நாளைக்கு அம்பது அறுபது தட்டு தம்பி. இது ஓடுனா நான் மனுஷி. இது நின்னா நான்தான் மெஷின்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எங்கள் வீட்டில் அது ஆறு வாரம் ஓடியது. பிறகு நின்றுவிட்டது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், உள்ளே ஏதோ உறுமும், ஆனால் தண்ணீர் வராது. சற்று நேரத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கும். அக்கா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். அடியிலிருந்த வடிகட்டியைக் கழற்றிக் கழுவினாள். தண்ணீரைச் சுழற்றியடிக்கும் கையைக் கழற்றி, அதன் துளை ஒவ்வொன்றையும் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தாள். பின்பக்கம் மட்டும் அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டுக்கு மெஷின் திருத்த ஆள் வரும்போது அவளை அறைக்குள் போகச் சொல்லிவிடுவார்களாம். நான் மெஷின் திருத்தும் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, இதற்குச் சாமான் இங்கே கிடைக்காது, பேசாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிப் போனார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. மெஷின் மேல் ஒரு துணியைப் போட்டு அரிசி மூட்டையை ஏற்றி வைத்தோம்.

அதன் பிறகு வீட்டுப் பாத்திரம் முழுவதையும் அக்காதான் கழுவினாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. யாரும் அழுத்தி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு எழுந்தால் தட்டை அவள் கை வாங்கிக்கொள்ளும். என் மனைவி முதலில் மறுத்துப் பார்த்தாள், பிறகு பழகிவிட்டாள். நான் மறுக்கக்கூட இல்லை. அந்த நாட்களில் அக்கா சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள். நானும் மனைவியும் அதை வெளிநாட்டுப் பழக்கம் என்று கேலி செய்வோம். "என்ன துரைசாணி, கை வச்சா ஒட்டிக்குமா?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் சிரித்தாள்.

நான்காவது முறையாகக் கையேட்டைக் கொண்டுவந்தபோது அக்கா என்னிடம் கெஞ்சவில்லை. "தம்பி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமதான்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினேன். முப்பத்தோராம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த விளக்கு மினுங்கினால் என்ன குறை, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். தண்ணீர் உள்ளே வராவிட்டால் பார்க்க வேண்டியவை மூன்றே மூன்று: பைப் திறந்திருக்கிறதா, ஹோஸ் மடிந்திருக்கிறதா, மெஷினுக்குள் தண்ணீர் நுழையும் வாயில் இருக்கும் சிறு சல்லடை அடைபட்டிருக்கிறதா.

பிளக்கைக் கழற்றினோம். பைப்பை மூடிவிட்டு இருவருமாக மெஷினை முன்னால் இழுத்தோம். ஹோஸ் எங்கும் மடியவில்லை. அதன் முனையை மெஷினிலிருந்து கழற்றி ஒரு வாளிக்குள் விட்டுப் பைப்பைத் திறந்தேன். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அப்படியானால் குறை மெஷின் வாயில்தான். டோர்ச் அடித்துப் பார்த்தபோது, ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு சல்லடை தெரிந்தது. வலைக்கண் ஒன்றுகூடத் தெரியாமல் செம்மண் அப்பியிருந்தது. கூரை மேலிருக்கும் எங்கள் தண்ணீர்த் தொட்டியை நான் வருடக்கணக்காகக் கழுவியதில்லை. அதில் படிந்திருந்த சேறு அது.

குறட்டை அக்காவிடம் கொடுத்து, "மெதுவா புடிச்சு இழு அக்கா" என்றேன். என் விரல்கள் அந்த இடுக்குக்குள் போகவில்லை. அவளுடையது சின்னக் கை. அவள் குறட்டைப் பிடித்தாள், அழுத்தினாள், உடனே விட்டுவிட்டாள். இன்னொரு முறை பிடித்தாள். குறட்டின் பிடியில் ஈரமாக ஏதோ தெரிந்தது. டோர்ச்சை அவள் கைமேல் திருப்பினேன். விரல் மடிப்பு ஒவ்வொன்றிலும் தோல் வெடித்து உள்சதை சிவந்திருந்தது. உள்ளங்கை காய்ந்த வயல்போலப் பிளந்து கிடந்தது.

"என்ன அக்கா இது?"

"சவர்க்காரம் ஒத்துக்கல தம்பி. ரொம்ப நாளா இருக்குறதுதான். கொழம்புல பட்டாத்தான் எரியும்."

அவள் ஏன் கரண்டியால் சாப்பிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. குறட்டை வாங்கி, கையை எப்படியோ நுழைத்து, சல்லடையை நானே இழுத்து எடுத்தேன். பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, திரும்பப் பொருத்தி, ஹோஸை இறுக்கினேன். முதலில் சொட்டியது. இன்னும் கால் சுற்று இறுக்கியதும் நின்றது. சுவிட்சைப் போட்டோம். மெஷின் உறுமியது, பிறகு உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா அதன் கதவில் காதை வைத்துக் கேட்டாள். சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். மெஷினை இழுத்ததிலிருந்து முழு வேலைக்கும் அரைமணி ஆகியிருந்தது; சல்லடையைக் கழற்றிக் கழுவி மாட்டியது பத்து நிமிடம்கூட இருக்காது.

அன்று மாலையே அவள் என் மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி, எதை மேல்தட்டில் அடுக்குவது, எதைக் கீழே வைப்பது, எவ்வளவு தூள் போடுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தாள். எதற்கு இவ்வளவு விளக்கம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சொன்னாள்: பாஸ்போர்ட்டை ஏற்கெனவே ஏஜென்சியில் கொடுத்துவிட்டாளாம், வேறொரு வீட்டில் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம்.

"நான் போயிட்டா இவ தனியா எல்லாத்தையும் கழுவணுமே. அதான் இத ஓட வச்சுட்டுப் போகணும்னு நெனச்சேன்" என்று மனைவியைக் காட்டிச் சொன்னாள்.

"ஏன் அக்கா போற?"

"சும்மா இருந்து பழக்கமில்ல தம்பி."

எங்கள் வீட்டில் அவள் ஒருநாள்கூடச் சும்மா இருந்ததில்லை. தடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், "யோசிச்சு செய் அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் நன்றாக யோசித்துத்தான் செய்திருந்தாள் என்பது இப்போது தெரிகிறது. ஒரே வேலையை அங்கே செய்தால் வேலைக்காரி, இங்கே செய்தாலும் வேலைக்காரி. இங்கே அதைச் செய்வது அவளுக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும்.

போய் ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினாள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பேச்சை மாற்றினாள். "அந்த வீட்டுல மெஷின் இருக்கா அக்கா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, இங்க நான்தான்" என்றாள்.

இரண்டாவது வருடத்தில் ஒரு காலை ஏஜென்சியிலிருந்து தொலைபேசி வந்தது. சமையலறையில் மயங்கி விழுந்தவள் எழவில்லை என்றார்கள். பெட்டி வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. மூடியில் இருந்த சின்னக் கண்ணாடி வழியே முகம் மட்டும்தான் தெரிந்தது. கைகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

கருமாதியன்று கலஹாவிலிருந்து இரண்டு வேன் சனம் வந்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு தட்டுகள் அடுப்படியில் குவிந்து கிடந்தன. பக்கத்து வீட்டம்மா, "மெஷின் இருக்கே, அதுல போட்டுட்டு நீங்க கொஞ்சம் சாஞ்சுக்கங்க" என்றார்.

என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். "அண்ணி இருந்தப்ப நான் ஒரு தட்டு கழுவல. இன்னைக்கு நான் கழுவுறேன்" என்றாள்.

நான் அருகில் போய் நின்றேன். அவள் கழுவிக் கழுவித் தந்தாள். நான் துடைத்து அடுக்கினேன். கடைசித் தட்டு வரை இருவரும் நிமிரவில்லை.