மூதூருக்குப் போடாத கடிதம்

கல்லடியில் மக்டலினைத் தெரியாதவர்கள் இல்லை. அவளோடு அரை மணித்தியாலம் உட்கார்ந்து பேசியவர்களும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை தைப்பாள். அளவெடுப்பாள், நாள் சொல்லுவாள், படலை வரை வந்து அனுப்பிவிடுவாள். பெருமைக்காரி என்று ஊர்ப் பெண்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினைந்து வருடம் அப்படி நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான்.

என் பெயர் பஸ்தியாம்பிள்ளை, கோயில் உபதேசியார். செபம் சொல்லிக் கொடுப்பதும், பதிவுப் புத்தகம் எழுதுவதும், கலியாண ஓலை வாசிப்பதும் என் வேலை. இன்னாரும் இன்னாரும் மெய்விவாகம் செய்யப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பதுதான் ஓலை. அதை வாசிக்கும்போது என் குரல் நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். அந்தக் குரலை வைத்து என்ன செய்ய?

1961இல் கல்முனை றோட்டுக்குத் தார் போட வந்தவன் பேர்னாட். றோலர் ஓட்டுவான். நாற்பது வயது, ஊர் மூதூர்ப் பக்கம், தாய் தகப்பன் இல்லை. மக்டலினுக்கு அப்போது முப்பத்து மூன்று. அவளுடைய தாய்க்கு இருந்தது அந்த ஒரு மகளும், மகள் பேரில் எழுதின வீடும்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வருகிறவன் யார், எப்படிப்பட்டவன் என்று விசாரிப்பது பெண்ணின் அண்ணன் தம்பிமார். இவளுக்கு அப்படி யாரும் இல்லாததால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விசாரித்தேனா? அவன் ஒரு ஞானஸ்நானக் கடதாசி தந்தான். வேலையில் சேர்ந்தபோது எடுத்த பழைய கடதாசி. ஒருவன் கலியாணம் முடித்தால் அவனுடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறித்து வைப்பார்கள். அதற்காகத்தான் புதிதாக ஒன்று எடுப்பிக்க வேண்டும் என்பது. அவன் ஊர்க் கோயிலுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும். மழைக்காலம், வெருகல் துறையில் வெள்ளம், தபால் சுணங்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பஞ்சி, வெறும் சோம்பல். "முன்னம் முடிச்சிரிக்கயா?" என்று கேட்டேன். "இல்லை" என்றான். சுவாமியாரிடம் போய் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டேன்.

கலியாணத்துக்குப் பிறகு தாய்க்கு ஒரே மருமகன் புராணம்தான். புது மருமகன்மார் முதல் வருடம் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். எங்கே நிற்பது, எங்கே இருப்பது என்று தெரியாமல் மாமியாரோடு குசினி வாசலில் முட்டிக்கொள்வார்கள். பேர்னாட் முதல் நாளே படலையில் நின்று கனைத்துவிட்டுத்தான் வளவுக்குள் கால் வைத்தான். மாமியாரோடு நேருக்கு நேர் பேசமாட்டான். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லுவான். மாமியார் கிணற்றடியில் நின்றால் வந்த வழியே திரும்பிப் போவான். "ஆர் பெத்த புள்ளையோ, என்ன பழக்கம்!" என்று அந்த மனுசி உருகிப்போனாள்.

மக்டலினுக்கு மட்டும் அந்தப் பழக்கம் உறுத்தியது. இதெல்லாம் பிறந்த வீட்டில் படிக்கிற பாடம் அல்ல. அதோடு இன்னொன்றையும் கண்டாள். அலுமாரியில் பாதியை அவனுக்கென்று ஒதுக்கியிருந்தாள். எட்டு மாதமாகியும் அவனுடைய ஒரு சேட்டும் அதில் ஏறவில்லை. காய்ந்த உடுப்பைத் தானே மடித்துத் தன் ட்றங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவான். பெட்டி எப்போதும் கதவடியில் இருக்கும்.

தாய் கோயிலுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம் கேட்டாள்.

"உங்கள முன்னமும் ஒரு வீட்டில இருந்து வெளிய அனுப்பினவங்களா?"

அவன் தரையில் இருந்துவிட்டான். மறைக்கவில்லை. நாற்பத்தேழில் அவன் ஊருக்கு அடுத்த ஊரில் புஸ்பம் என்றொருத்தியை முடித்திருந்தான். மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தான். ஒரு நாள் வேலையால் வந்து பார்த்தால் அவனுடைய பெட்டி படலைக்கு வெளியே கிடந்தது.

"என்ன பிழை செய்தன் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியா. கேக்கவும் இல்ல. பெட்டியத் தூக்கிட்டு வந்திட்டன்."

"அவ உயிரோட இரிக்காவா?"

"இரிப்பா. என்னை விட இளமைதானே."

மக்டலின் அடுத்த கிழமை பஸ் ஏறித் தன்னாமுனைக்குப் போனாள். எங்கள் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வெட்கம். அங்கிருந்த சுவாமியார் கேட்டுவிட்டு மூன்று வழி சொன்னார். அந்தப் பெண் இருக்கிறாளா இல்லையா என்று விசாரி. அல்லது அவனை அனுப்பு. இரண்டும் முடியாவிட்டால் ஒரே வீட்டில் அண்ணன் தங்கையாக இரு.

விசாரித்தால், முதல் மனைவி இருக்க இரண்டாவது முடித்தவன் என்று வெளியே வரும். அதற்கு மறியல், சிறைக்குப் போக வேண்டும். அனுப்பினால் அவன் இன்னொரு படலைக்கு வெளியே நிற்பான். அவளுக்கு அவனை உயிராகப் பிடித்திருந்தது. ஆகவே மூன்றாவதைத் தெரிந்தெடுத்தாள்.

அன்று முதல் அவன் முன்னறையில், அவள் உள்ளறையில். தாய்க்கு அவனுடைய குறட்டையைச் சாட்டாகச் சொன்னாள். தாய் பேரப்பிள்ளை கேட்டுக் கேட்டு அறுபத்தாறில் செத்துப்போனாள். அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர். அவன் சம்பளத்தை மேசையில் வைப்பான், அவள் சோற்றைப் போட்டுக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பக்கத்தில் நடந்து பூசைக்கு வருவார்கள். யாராவது நெருங்கிப் பழகினால் பிள்ளை ஏன் இல்லை என்று கேட்பார்கள் என்பதற்காகவே அவள் யாரையும் நெருங்க விடவில்லை. நாங்கள் அதற்குப் பெருமை என்று பெயர் வைத்தோம்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது எழுபத்தாறில். பேர்னாட் வேலையால் நிற்கும் வயது வந்தது. பென்சனுக்குப் பிறந்த அத்தாட்சி கேட்டார்கள். பழைய கடதாசியைக் கறையான் தின்றுவிட்டது. மக்டலின் தைத்த சட்டைகளைக் கொடுக்கக் குருக்கள்மடம் போயிருந்த நாளில் அவன் என்னிடம் வந்தான். நான் வழக்கம்போல அவனுடைய ஊர்க் கோயிலுக்கு எழுதினேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: 1947, புஸ்பத்துடன் மெய்விவாகம்.

நேரே மக்டலினிடம் போனேன். அவள் கடதாசியைப் பார்த்தாள். மெசினை விட்டு எழும்பாமலே, மேலே நான் எழுதியதையெல்லாம் சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"என்னட்ட வந்து சொல்லியிருக்கலாமே, புள்ள."

"நீங்கதானே ஓலை வாசிச்ச நீங்க. உங்களுக்கும் சேத்துத்தானே அவமானம்."

அன்றே அவளிடம் கேளாமல், புஸ்பத்தின் ஊர்க் கோயிலுக்கு இரண்டாவது கடிதம் போட்டேன். பேர்னாட்டின் பெயரைச் சொல்லாமல், புஸ்பம் என்பவர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டேன். பதில் நாலு வரி. புஸ்பம் 1956ஆம் ஆண்டு காய்ச்சலில் மரித்தார், எங்கள் சேமக்காலையில் அடக்கம்.

ஐம்பத்தாறு. இவர்கள் முடித்தது அறுபத்தொன்று.

பத்து மணி வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்றுதான் நினைத்தேன், பாருங்கள். பேர்னாட் முன்னறையில் இருந்தான். இருவரையும் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

பேர்னாட் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"ஆரும் பக்கத்தில இருந்தாங்களாமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். புஸ்பத்துக்காக இருபது வருடம் பிந்தி ஒருவன் அழுகிறான். மக்டலின் கதவைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுடைய தோளைத் தொடக் கையை நீட்டினாள்; பாதி வழியில் எடுத்துவிட்டாள். பதினைந்து வருடப் பழக்கம்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இனி ஒரு தடையும் இல்ல, மக்டலின். எண்டைக்கும் இரிக்கல்ல. நீ முடிச்ச அண்டையில இருந்தே அவர்ர மெய்யான பொஞ்சாதிதான்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்கு நாப்பத்தெட்டு, உபதேசியார்," என்றாள். "மூத்தது இப்ப எட்டாம் வகுப்புப் படிச்சிரிக்கும்."