ஏழு சுற்றும் ஒரு தட்டுப் புக்கையும்

முதல் நாள் நடக்க வந்தது ஐந்து பேர். கன்னியர் மடத்துச் சிஸ்டர். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த ஐயா. மூதூரிலிருந்து வந்து துறைமுகத்துக்குக் கிட்டப் புடைவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா. என் மனைவி. நான்.

ஆம்பிளைகள் மூவருக்கும் சீனி வருத்தம். மனைவிக்கு ஒன்றுமில்லை. என்னைக் காவல் பார்க்க வந்தவள்.

கிளினிக்கில் என் சீனி இருநூற்றுப் பதினான்கு. டொக்டர் ஒரு மாதம் தவணை தந்தார். தினமும் நடக்க வேண்டும். இருநூறுக்குக் கீழே வராவிட்டால் ஒவ்வொரு நாளும் வயிற்றில் ஊசி. நான் மேசன். மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து, எழும்பி, மிச்சச் சுவரையும் பூசினவன். ஊசி மட்டும் ஏலாது.

வீதியில் நடக்க லொறிகள் விடாது. மடத்து வளவில் சிஸ்டர் தந்த படத்தைப் பார்த்து நான்தான் ஒரு சுற்றுப் பாதை கட்டியிருந்தேன். தரையில் கல் பதித்து ஏழு சுற்று. ஒரு வாசல். வளைந்து வளைந்து நடுவுக்குப் போய், வந்த வழியே திரும்ப வேண்டும். தியான நடையாம்.

“இதில வழி தவற ஏலாது. ஒரே பாதை,” என்றார் சிஸ்டர். “கதைக்காமல் நடவுங்கோ. மனப்பாரத்தை நடுவில வைச்சிட்டு வாங்கோ.”

பாதை ஒன்றரை அடி அகலம். படத்தில் அப்படித்தான் இருந்தது. நானாவின் வயிறு படத்தில் இல்லை. நான் உள்ளே போக, அவர் வெளியே வந்தார்.

“நீங்க போங்க மேசன்.”

“இல்லை நானா, நீங்கள் வாங்கோ.”

“நான் ஒதுங்குறன்.”

“எங்க ஒதுங்குவியள்? அது அடுத்த சுற்று.”

எனக்குப் பின்னால் கிளாக்கர் ஐயா நின்று இருமினார். ஊருக்குள் திரியும் மான் இரண்டு வந்து, கல்லைத் தாண்டிக் குறுக்கே போயின. நானா அவற்றைப் பொறாமையோடு பார்த்தார். கதைக்காமல் நடந்தது சிஸ்டர் மட்டும்.

மனைவி நடுவுக்குப் போய்க் குனிந்து பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, இதுக்குள்ள ஒண்டுமே இல்லையோ?”

“இல்லை.”

“இவ்வளவு சுத்தி வந்து வெறுங்கையோட திரும்புறதோ? ஆரும் இப்பிடிக் கட்டுவினமோ?”

கட்டியவன் குனிந்து ஒரு கல்லைச் சரிசெய்தேன்.

மறுநாள் நடுவில் ஒரு தட்டு. மேலே வாழை இலை. உள்ளே பொங்கல் போலக் கிண்டிய சர்க்கரைப் புக்கை.

“சாமிக்குப் படைக்கேல்லை நானா, வீட்டில கிண்டினது. சாப்பிடலாம்,” என்றாள். சிஸ்டர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அவருக்கும் ஒரு கரண்டி போயிற்று.

“சீனி?” என்றேன்.

“நடந்து போய்த் தின்னுறது உடம்பில சேராது.”

ஐயா தலையாட்டினார். கச்சேரியில் இருந்தவர் தலையாட்டினால் அதற்கு மேல் பேச்சில்லை.

“உங்கட வீட்டுச் சாமானைத் திண்டுபோட்டு நான் சும்மா வாறதா?” என்று நானா அடுத்த நாள் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் கொண்டுவந்தார். ஐயா வீட்டிலிருந்து பயத்தம் பணியாரம் வந்தது. மடத்திலிருந்து கேக். பிறகு முறை வைத்து வந்தது. மழை வரும்வரை ஒருவரும் ஒரு நாளும் நடை தவறவில்லை. அரை மணித்தியாலம் எடுத்த ஐயா பத்து நிமிடத்தில் நடுவுக்குப் போனார்.

இரண்டாம் கிழமை சிஸ்டர் எங்களை நிறுத்திக் கேட்டார்.

“நடுவில நிண்ட நேரம் மனசில என்ன பட்டது?”

ஐயா கண்ணை மூடி யோசித்தார்.

“ஏலக்காய் கொஞ்சம் கூடிப்போச்சு, சிஸ்டர்.”

சிஸ்டர் வானத்தைப் பார்த்தார். “எனக்கும் அப்பிடித்தான் பட்டது,” என்றார்.

ஒரு நாள் மழை. நான் மட்டும் போனேன். நடுவில் ஒன்றுமில்லை. நின்றேன். துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. ஊசி நினைப்பு கொஞ்ச நேரம் வரவில்லை. நல்லாகத்தான் இருந்தது. அடுத்த நாள் மழை விட்டது. தொதல் வந்தது.

மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனேன். நேர்ஸ் பிள்ளை விரலில் குத்தி மிசினைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. வேறு விரலில் குத்தியது.

“நடக்கிறனீங்களோ ஐயா?”

“ஓம். ஒரு நாளும் விடேல்லை.”

மனைவியும் “ஓம் பிள்ளை, நான் சாட்சி,” என்றாள்.

பிள்ளை கார்ட்டில் எழுதி என் பக்கம் திருப்பியது.

இருநூற்று அறுபத்தொன்று.