உயிரோடு இருந்தவருக்கு ஓர் அஞ்சலி

நோர்வேயில் பத்திரிகையின் மரண அறிவித்தல்களில் பெரும்பாலும் படம் இருக்காது. பெயர், தேதி, ஒரு சின்னச் சிலுவை, அவ்வளவுதான். நான் துப்புரவு வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் இங்கர், காலைக் கோப்பியோடு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் வாசிப்பாள். படமில்லாமல் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். தெரிந்தவர் என்றால் பெயர் போதாதா என்றாள். எங்கள் மாத்தளையில் ஒருவர் இறந்தால் சந்தியில் அஞ்சலி பெனர் கட்டுவோம், அதில் இறந்தவரோடு பெனர் போட்டவரின் படமும் இருக்கும், சிலவேளை போட்டவரின் படமே பெரிதாக இருக்கும் என்பதை அவளுக்கு விளக்க என் நோர்வேஜிய மொழி போதவில்லை.

ஊரில் நான் ஒரு பத்திரிகையின் செய்தியாளனாக இருந்தேன். லக்கலயில் யானை வீட்டை உடைத்தது என்றால் நேரில் போய், உடைந்த சுவரைப் பார்த்து, வீட்டுக்காரரிடம் விசாரித்துத்தான் எழுதுவேன். செய்தி வர மூன்று நாளாகும். இப்போது இங்கிருந்தபடியே பேஸ்புக்கில் மாத்தளைச் செய்திப் பக்கம் நடத்துகிறேன். யாராவது வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், பஸ்ஸில் நின்றுகொண்டே போட்டுவிடுவேன். ஊரில் இருப்பவர்களுக்கே ஊர்ச் செய்தியை முந்திச் சொல்கிறேன் என்ற தலைக்கனமும் இருந்தது.

போன மாதம் ஒரு காலை, ஓட்டோ சங்கம் கட்டிய அஞ்சலி பெனர் ஒன்றின் படம் யட்டவத்தயிலிருந்து வந்தது. பாதியை மரக்கிளை மறைத்திருந்தது. மறுபாதியில் அந்தோனி அண்ணன். அந்தக் காலத்தில் செய்திக்கு என்னை ஓட்டோவில் ஏற்றித் திரிந்தவர். அவர் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து 'காலமானார்' என்று போட்டேன். அவர் சங்கத் தலைவர், பெனர் போட்டவர் என்பது பிறகுதான் தெரிந்தது. இறந்தவர் கிளைக்குப் பின்னால் இருந்தார்.

சில நிமிடங்களில் ஒருவர் கீழே எழுதினார்: "அண்ணன் உசிரோட இருக்காரு. காலையில ஓட்டோவுல லக்கலக்கி ஹயர் போனாரு." அதை வாசித்தேன். ஆனால் அழிக்கவில்லை. உறுதிப்படுத்திவிட்டு அழிக்கலாம் என்று எனக்கே கதை சொன்னேன். உண்மையில் ஷெயர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தோனி அண்ணனின் நம்பர் என் போனிலேயே இருந்தது. இதை எழுதக் கூசுகிறது.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அவரே கோல் எடுத்தார். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவருடைய மகள் ஸ்டெல்லா அந்தப் பதிவைப் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்கு எடுத்தால் லைன் போகவில்லை. லக்கலப் பக்கம் சிக்னல் இல்லை. அவர் சிக்னல் உள்ள நாவுலக்கு வந்து சேரும்வரை, வேலை செய்யும் வீட்டின் குசினித் தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

"ஆளப் பார்க்காம எழுத மாட்டேன்னு சொல்லி என்னைய எத்தன நாள் வெயில்ல நிக்க வச்சீங்க தம்பி," என்றார். "எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம்தானே."

மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட வேணாங்க. புள்ளகிட்ட கேளுங்க."

ஸ்டெல்லா என் அழைப்பை எடுக்கவில்லை. பக்கத்தில் போட்ட மன்னிப்பை யாரும் ஷெயர் பண்ணவுமில்லை. வேலையில் என் முகத்தைப் பார்த்து இங்கர் என்னவென்று கேட்டாள். ஊரில் ஒரு மரணச் செய்தி என்று தொடங்கினேன். நான் முடிக்குமுன்பே என் உறவினர் யாரோ என்று நினைத்து அணைத்து ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலையும் திருத்தாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன், ஆறு வருடத்துக்குப் பிறகு. மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேதான் அந்தோனி அண்ணனும் மற்ற ஓட்டோக்காரர்களும் நிற்பார்கள். டவுனுக்கு முந்திய பஸ் ஹோல்டிலேயே இறங்குகிறேன், அங்கே வா என்று என் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

"ரெண்டு பெட்டியோட அங்க ஏன்ணே இறங்குறீங்க?" என்று கேட்டான்.

நடந்து பார்க்க ஆசையாக இருக்கிறது என்றேன்.