ஊரெல்லாம் வாரேன் சொன்னவர்

கோயமுத்தூரில் உயிரோடு இருக்கிற யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. பக்கத்துத் தெருவுக்கு உப்பு வாங்கக் கிளம்பினாலும் 'வாரேனுங்க'தான். போகிறவர் வருகிறேன் என்கிறார், நிற்கிறவர் 'சரிங்க, வாங்க' என்கிறார், இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் நடக்கிறார்கள். ரொம்ப நாளாக இதை வெறும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணபதிப் பகுதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த கிஷனின் கதையைக் கேட்ட பிறகு அந்த வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

கிஷன் பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைகிறவர். இரும்பும் எண்ணெயுமாகப் புழங்கிப் புழங்கி அவருடைய விரல் ரேகை தேய்ந்து போயிருந்தது. ரேஷன் கடை மெஷின் அவரை ஒருநாளும் மனிதராக ஏற்றுக்கொண்டதில்லை. அம்மா பங்காரம்மா வந்து விரல் வைத்தால்தான் சர்க்கரை. மனைவி பிரீத்திகா நர்ஸ். அவளுக்கு ஐரோப்பாவில், எப்போதும் மழை பெய்கிற ஒரு நாட்டில் வேலை கிடைத்தது. நாட்டின் பெயர் வேண்டாம். அந்த விசா ஆபீஸில் தமிழ் படிக்கிறவர் யாராவது இருந்து தொலைப்பார்.

பிரீத்திகா வேலை விசாவில் முன்னால் போனாள். கிஷனுக்கு வேண்டியது மனைவியோடு சேர்ந்து வாழ்வதற்கான விசா. கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த அனுமதி அந்த நாட்டில் செல்லாதாம்.

விசா சென்டரில் கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொன்னார்கள்.

"சார், நல்லா அழுத்துங்க."

"அழுத்திட்டுத்தானுங்க இருக்கறேன்."

"ஒண்ணுமே விழலீங்களே சார்."

கையைக் கழுவி வந்தார். ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். கடைசியில் மெஷின் ஒரு சத்தம் போட்டது. "விழுந்திருச்சுங்க" என்று கவுன்டரில் இருந்த பெண் அவரை அனுப்பிவிட்டாள். எது விழுந்தது என்று கிஷன் கேட்கவில்லை.

காந்திபுரத்தில் கன்சல்டன்சி வைத்திருக்கும் கௌதமன்தான் ஏஜென்ட். "ரெண்டே வாரமுங்க. நீங்க பையக் கட்டிப்போடுங்க" என்றார். கிஷன் பையைக் கட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பட்டறையைக் கூடவே வேலை பார்த்த சபரீஷ் கையில் ஒப்படைத்தார். பைக்கை விற்றார். தெரு வாட்ஸ்அப் குழுவில் கும்பிடு போட்டு வெளியேறினார். ஊரைக் கூப்பிட்டு இலை போட்டு விருந்து வைத்தார். நண்பர்கள் சும்மா இருப்பார்களா? மெயின் ரோட்டில் ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரனிடம் கண்ணீர் அஞ்சலிக்கான மாதிரிதான் தயாராக இருந்தது. விளக்கை எடுத்துவிட்டு விமானத்தை வைத்தான், 'அஞ்சலி'யை எடுத்துவிட்டு 'வாழ்த்து' போட்டான். கீழே 'பிரிவால் வாடும் நண்பர்கள்' என்றிருந்ததை மாற்ற மறந்துவிட்டான். யாருக்கும் அது தப்பாகவும் படவில்லை.

பிறகு கிஷன் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: வாரேனுங்க. யாகூப் டீக்கடையில் சொன்னார், மாவு மில்லில் சொன்னார், பிள்ளையார் கோயில் ஐயரிடம் சொன்னார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம் என்பதால் சொந்தக்காரர்களுக்குப் 'போயொஸ்தா' என்று தனியாக ஒரு சுற்று. எந்த மொழியிலும் ஒரு வாசல் பாக்கியில்லை.

விசா வரவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வந்தது. அந்த வரி அப்படியே நின்றது.

வெட்கத்தில் கிஷன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். வாசலில் வந்து கேட்டவர்களிடம் பங்காரம்மா, மகனின் மானத்தைக் காப்பாற்ற, "போயிட்டானுங்க" என்றார். அந்த நேரத்தில் மகன் உள்ளே முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருப்பார். இந்த ஊரில் யாரும் சொல்லாத வார்த்தையைப் பெற்றவளே வாசலில் நின்று சொல்லிவிட்டாள் என்பது இரண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை.

எத்தனை நாள்தான் உள்ளே இருப்பது? ஒரு காலையில் டீக்கடைக்குப் போனார்.

"ஏனுங்க கிஷன், ஏரோப்ளான் பஞ்சருங்களா?" என்றார் யாகூப். கடையே சிரித்தது. கிஷனும் சிரித்தார். மறுநாள் "இன்னும் போகலீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். அப்புறம் அதுவும் இல்லை. கேலி நின்றதே என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் டீ கேட்டார். யாகூப் ஆற்றி, பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். கிஷன் மறுபடி கேட்டார். யாகூப் அவர் இருந்த பக்கம் திரும்பி, அவருக்குப் பின்னால் ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தபடி பக்கத்து ஆளிடம் சொன்னார்: "கிஷன் இருந்தா இந்நேரம் ரெண்டாவது டீக்குக் கை நீட்டியிருப்பாரு. பாவம், அங்க போய் என்னத்தக் குடிக்கறாரோ."

கிஷன் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

பட்டறைக்குப் போனார். சபரீஷ் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தான். "டேய் சபரி" என்று தோளில் கை வைத்தார். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டான், எழுந்து போய் ஃபேனை நிறுத்தினான், மறுபடி வேலையைப் பார்த்தான். பட்டப்பகல். வெயில் ஷட்டர் வரைக்கும் வந்து விழுந்திருந்தது.

ரோட்டில் ஃப்ளெக்ஸ் வெளுக்கத் தொடங்கியிருந்தது. சட்டை அப்படியே இருந்தது. விமானம் புதுசு மாதிரி இருந்தது. முகம்தான் முதலில் போனது.

வீட்டில் அம்மா ஒரு தட்டு மட்டும் எடுத்து வைத்தார். "அம்மா" என்றார் கிஷன். பங்காரம்மா திடுக்கிட்டு, "சத்தமில்லாம இருந்தா எனக்கு என்ன தெரியும் நாயனா" என்று இன்னொரு தட்டை எடுத்தார். ஆனால் அதைச் சொன்னது சுவரைப் பார்த்து.

முகம் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் பிரீத்திகா. இங்கே மத்தியானம், அங்கே அவள் டியூட்டிக்குக் கிளம்புகிற நேரம், வீடியோவில் வருவாள்.

"ஏனுங்க, கீழ் வீட்டம்மா ஒண்ணு சொல்றாங்க. உன்ற வீட்டுக்காரரு நல்ல மரியாதைக்காரரும்மா, படியில பாக்கறப்பவெல்லாம் தலையாட்டி ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போறாரு அப்படீங்கறாங்க."

கிஷன் சிரித்தார். "யாரையோ பாத்திருப்பாங்க அம்மணி. என்ன வார்த்தையாம்?"

"அவிங்க வாயில சரியா வரல. ரெண்டு மூணு தடவ சொல்லிக் காட்டுனாங்க." அவளும் அதைச் சொல்லிக் காட்டினாள். "வாரேன்."

"நம்மூரு ஆளு வேற யாராச்சும் இருக்கும்."

"இங்க நம்மூரு ஆளு நான் ஒருத்திதானுங்க."

அதற்கப்புறம் ஒருநாள் அவள் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். இங்கிருந்து கொண்டுபோனது. கழுவிக் கவிழ்த்துவிட்டு டியூட்டிக்குப் போனாளாம். வந்து பார்த்தால் நிமிர்ந்து நிற்கிறது. வீட்டுக்குள் லேத்து எண்ணெய் வாசம்.

"நீங்கதான்னு மொதல்ல சந்தோசமா இருந்துச்சுங்க. அப்பறம் டம்ளரைப் பாத்தேன். கட்டைவிரல் பதிஞ்சிருக்குது. ரேகை பளிச்சுன்னு, சுழி சுழியா." குரல் இறங்கியது. "உங்களுக்குத்தான் ரேகையே இல்லீங்களே."

"கதவைப் பூட்டிக்க அம்மணி."

"பூட்டித்தானுங்க இருந்துச்சு. படியோட நின்னவரு இப்ப உள்ள வந்துட்டாரு. சீக்கிரம் வாங்க. எனக்குப் பயமா இல்ல, அதுதான் பயமா இருக்குது. பழகிருமோன்னு."

கௌதமனுக்குப் போன் அடித்தார். "பிராசஸ்ல இருக்குதுங்க" என்றார் கௌதமன். பாவம், அது பிரீத்திகா வீட்டு டம்ளர் வரைக்கும் போய்விட்டது அவருக்குத் தெரியாது.

கிஷன் கட்டி வைத்த பைமேல் உட்கார்ந்து யோசித்தார். ஊரெல்லாம் வாரேன் என்று சொல்லிவிட்டோம். சொன்னது போய்விட்டது. சொன்னவன் போகவில்லை. தான் போய்ச் சேருவதற்குள் அது பிரீத்திகாவுக்குப் பழகிவிட்டால் அப்புறம் விசா வந்தும் பிரயோஜனமில்லை. அதைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். போனவன் திரும்பினால் வாசலில் நின்று சொல்வதற்கு நம்மிடம் இருப்பது ஒரே வார்த்தைதான்.

சட்டையை மாற்றிக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போய் நின்றார். "வந்துட்டேனுங்க."

யாகூப் தலை நிமிர்ந்தது. "அடடே, வாங்க வாங்க! எப்ப வந்தீங்க? சொல்லவே இல்ல? அங்க ஒரே மழையாமுங்களே?"

"மழைதானுங்க. படியெல்லாம் வழுக்கும். கீழ் வீட்டம்மா சாக்கு விரிச்சு வெச்சிருப்பாங்க, அதும்மேல அவிங்க பூனை படுத்திருக்கும், தாண்டித்தான் போகோணும்" என்று வாய் சொன்னது. பூனையைப் பற்றிப் பிரீத்திகா ஒருநாளும் சொன்னதில்லை. கிஷன் டீயை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு பொத்துக்கொண்டது. அதுகூட அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாவு மில்லில், கோயிலில், சொந்தக்காரர் வீடுகளில் எல்லாம் வந்துட்டேன் சொன்னார். "அண்ணா, பட்டறையத் திருப்பிக் கேட்டுப்போடாதீங்கண்ணா" என்றான் சபரீஷ், நேராகக் கண்ணைப் பார்த்து. கடைசியாகத் தன் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னார். "வந்துட்டயா நாயனா" என்று பங்காரம்மா கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அம்மாவுக்கு அழுகை நிற்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பிரீத்திகா பேசினாள். "படியில யாரும் இல்லியாமுங்க. டம்ளரு கவுத்தது கவுத்தபடியே இருக்குது."

"நல்லதுதானே அம்மணி?"

"நல்லதுதானுங்க" என்றாள். பிறகு, "வீடு காலியா இருக்குது" என்று சொல்லி அழுதாள்.

விசா வந்தது. இந்தத் தடவை கிஷன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டார். அம்மாவும் 'வா' என்று சொல்லவில்லை. கடைவீதிக்குப் போகிற ஆள் மாதிரி கிஷன் ஆட்டோ ஏறி விமான நிலையம் போய்விட்டார். அந்த நாட்டில் இறங்கியதும் கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். முதல் தொடலிலேயே பச்சை விளக்கு எரிந்தது. கிஷன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். சுழி சுழியாக இருந்தது.

பிரீத்திகா கதவைத் திறந்தாள். அவர் கையை எடுத்து வெளிச்சத்தில் காட்டி ரொம்ப நேரம் பார்த்தாள். "உள்ள வாங்க" என்றாள். இரண்டு பேரும் சௌக்கியமாக இருக்கிறார்கள், கீழ் வீட்டம்மாவின் பூனை கிஷன் மடியில்தான் தூங்குகிறது என்று பங்காரம்மா சொன்னார். மருமகள் கிஷனை இப்போது என்னவென்று கூப்பிடுகிறாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கணபதிக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. கிஷன் வந்துட்டேன் என்று சொன்னார், அதற்கப்புறம் வாரேன் என்று சொல்லவில்லை. அந்தக் கணக்கில் அவர் அங்கேதான் இருக்கிறார். யாகூப் தினம் காலையில் அவருக்கு டீ ஆற்றுகிறார். போன வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது எனக்குப் பக்கத்தில்தான் கிஷன் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். மழையைப் பற்றிப் பேசினார். குடித்து வைத்த கண்ணாடி டம்ளரை, அவர் பார்க்காத சமயத்தில், எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். துடைத்து வைத்தது போல் இருந்தது. ஒரு விரல் தடம் இல்லை.

கிளம்ப எழுந்தேன். நாக்கு நுனிக்கு வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன்.

"சரிங்க, வாங்க" என்றார் கிஷன்.